மூன்றாம் ஓலை

எங்கள் தெருக் கோயிலுக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்குள் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

இதைக் குறை என்று நான் சொல்லவில்லை. என் பெயர் அசன் முகம்மது. ஸ்ரீவில்லிபுத்தூரில், வெள்ளைக்காரப் பாதிரி கட்டிய பழைய வேதக்கோயிலுக்கு எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் அந்தக் கோயிலுக்கும் உள்ள தொடர்பு, அங்கே மணி அடித்தால் இங்கே நான் மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவேன் என்பதோடு சரி. குறை என்று கண்டுபிடித்தவர் டாக்டர் வைகுண்டராஜ். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ஒத்துக்கொள்ளாததால் கிறிஸ்தவர்களின் மேலிடத்தில் ஏதாவது ஒரு கமிட்டிக்குத் தலைவராக இருந்துகொண்டே இருப்பார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அவரைச் சீமைக்கு அனுப்பினார்கள். போனவர் சும்மா வரவில்லை. பெட்டி நிறைய சிலைடு படங்களோடு வந்தார். வந்த வேகத்தில் எங்கள் தெருக் கோயில் வளாகத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி, சபையாரை உட்கார வைத்துப் படம் காட்டினார். கரண்டு என் கடையிலிருந்துதான் போனது. அதனால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

"அன்பர்களே, பாருங்கள்! இது ஓர் ஆலயம். இப்போது நூலகம். இது ஓர் ஆலயம். இப்போது உணவு விடுதி. இதோ, இந்த ஆலயத்தில் இளைஞர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சுவர் ஏறிப் பழகுகிறார்கள். நாமோ ஆலயத்தை இன்றுவரை ஆலயமாகவே வைத்திருக்கிறோம். நூற்றுமுப்பது வருடமாக ஒரே வேலை! ஒரு புராதனக் கட்டடத்தை இப்படியா முடக்கிப் போடுவது?"

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்னுராஜ் அண்ணாச்சி கையைத் தூக்கினார். ராஜபாளையத்தில் நூல் மில்லில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர். மிஷின் சத்தம் அவர் காதைப் பாதி தின்றுவிட்டது. அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

"சார், கோயிலுக்குள்ள செவுரு ஏறி எங்க போறாக?"

"எங்கும் போகவில்லை. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள்."

"அதுக்கு எதுக்கு சார் கோயிலு?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்!" என்றார் டாக்டர் மகிழ்ச்சியோடு. பொன்னுராஜ் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அடுத்த மாதமே 'புராதன ஆலயக் கட்டட மறுவாழ்வுக் கமிட்டி' பிறந்துவிட்டது. சீமையில் ஓர் அறக்கட்டளை, பழைய கோயில்களுக்குப் புது வேலை தேடிக் கொடுக்க நிதி தருகிறதாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்தக் கட்டடம் தொடர்ச்சியாக ஆறு மாதம் யாராலும் பயன்படுத்தப்படாமல் கிடந்திருக்க வேண்டும். அங்கே அப்படிக் கோயில்கள் ஏராளம் போலிருக்கிறது. எங்கள் கோயிலுக்கு அந்த யோகம் இல்லை. முப்பது குடும்பம் வாராவாரம் வந்து பாட்டுப் பாடிக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பொன்னுராஜுக்கு ஒரே மகள், பரிபூரணம். பால்வாடி டீச்சர். அம்மாக்காரி வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டதில் இவளுக்கு வந்த வரன் எல்லாம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. தாயை அடக்கம் செய்தபோது இவளுக்கு முப்பத்துநாலு. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பட்டறை வைத்திருக்கும் ஐயாதுரை, மிஷின் சாமான் விஷயமாக என்னிடம் வந்து போவான். நாற்பதைத் தொட்டவன், தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தலையில் நரை. நல்ல பையன். ஒருநாள் பரிபூரணம் பால்வாடிப் பிள்ளைகளைத் தெருவில் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனாள். இவன் நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"யாரு பாய் அது?"

"உனக்கு வேண்டியவதான்" என்றேன்.

அப்படி ஆரம்பித்தது. நான் பார்த்த சம்பந்தம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. என் மனைவி நூர்பானுவிடம் சொல்லிச் சொல்லி அவள் காதும் மில் காது மாதிரி ஆகியிருக்கும்.

அவர்களுடைய வழக்கத்தில், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது, யாருக்காவது தடை சொல்ல நியாயமான காரணம் இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று ஐயர் வாசிப்பார். பாதிரியாரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். பெண் எந்தக் கோயிலைச் சேர்ந்தவளோ அந்தக் கோயிலில் மூன்று முறை வாசித்ததாகச் சான்று போனால்தான் மாப்பிள்ளை ஊர் ஐயர் தாலி கட்ட விடுவார்.

முதல் ஓலை வாசித்த அன்று பரிபூரணம் கோயிலுக்குள் போகவில்லை. வெட்கம். என் கடையில் பட்டன் வாங்க வந்தவள் மாதிரி நின்றுகொண்டு காதை அந்தப் பக்கம் வைத்திருந்தாள். பேர் கேட்டதும் பட்டனைக் கீழே கொட்டிவிட்டாள். இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை காலையில் நான் கடை திறக்க வந்தால், கோயில் கதவில் பெரிய பூட்டு. பக்கத்தில் ஒரு பலகை.

'இக்கட்டடம் பயன்பாட்டில் இல்லை. பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

பொன்னுராஜ் ஷிப்டு முடிந்து வந்து பலகையைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனார்.

ஐயர் சாது. யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். "நான் என்ன செய்ய அண்ணாச்சி, மேலிடத்து உத்தரவு. ஓலை வாசிச்சா அது பயன்பாடுல்லா" என்றார்.

"அப்ப பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக் கோயில்ல வச்சு வாசிச்சிருங்கய்யா. ஒரே ஒரு ஓலைதான பாக்கி."

"அங்க வாசிக்கணும்னா ஒங்க பேரை அங்க மாத்தணும். இந்தக் கோயிலை மூடியாச்சுன்னா தாராளமா மாத்தலாம்."

"மூடித்தான கெடக்கு? பூட்டு தொங்குது!"

"மூடல அண்ணாச்சி. பயன்பாட்டுல இல்ல, அம்புட்டுதான். உசுரோட இருக்கிற கோயில் ஆளுகளை இன்னொரு கோயிலுக்கு எப்பிடி மாத்துறது? சட்டத்துல எடமில்ல."

பொன்னுராஜ் திண்டாடிப்போனார். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனோம். அவர் வீட்டுச் சுவரில் சீமைக் கோயில் படங்களாகத் தொங்கின. எல்லாக் கோயிலிலும் ஏதோ ஒரு வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டதா? ஆக, அந்த ஆலயத்தில் நடந்த கடைசி வழிபாட்டு நிகழ்ச்சி உங்கள் மகளுடைய ஓலை. வரலாற்றில் இடம் பிடித்துவிட்டீர்கள்!"

"சார், மூணாவது ஓலை..."

"கவலையே வேண்டாம். வாசித்த இரண்டு ஓலையும் கெடாமல் கமிட்டி பாதுகாக்கும். ஆறு மாதம் கழித்து முறைப்படி விடைபெறு ஆராதனை வைத்து ஆலயத்தை மூடுவோம். மூடியதும் உங்கள் பெயரை மாற்றித் தருவோம். மாற்றியதும் மூன்றாவது ஓலை. எவ்வளவு எளிது!"

"பிள்ளைக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது சார்."

"ஆலயத்துக்கு நூற்றுமுப்பது வயது. அதுவே காத்திருக்கிறது" என்றார் டாக்டர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படங்களில் ஒன்றையாவது கழற்றி எறிந்திருப்பேன். வேற்று மதத்துக்காரன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. மூடிக்கொண்டிருந்தேன்.

ஓலை தாமதமாவதில் அப்படி என்ன நஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. ஒரே வாரத்தில் மாப்பிள்ளையின் தாய் கிருபாபாய் தளவாய்புரத்திலிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வந்தபோதுதான் புரிந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பாய், ஒம்மை நம்பித்தான் பொண்ணு எடுக்கச் சம்மதிச்சேன். ரெண்டு ஓலை வாசிச்சு மூணாவது ஓலை நின்னுபோச்சாம்லா. யாரு எந்திரிச்சது?"

"யாரும் எந்திரிக்கலம்மா. கோயிலைப் பூட்டிட்டாங்க."

"ஒரு பொண்ணோட ஓலையை நிறுத்தக் கோயிலையே பூட்டிருக்காங்கன்னா, அம்புட்டுப் பெரிய தடையா வந்துச்சு?"

எங்கள் ஊர்ப் பக்கம் ஓலை நிற்பது என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். பெண்ணைப் பற்றி எவனோ ஏதோ சொல்லிவிட்டான். அதை ஐயர் வெளியே சொல்லாமல் மூடி மறைக்கிறார். சீமை அறக்கட்டளை, ஆறு மாதம், மறுவாழ்வு என்று நான் விளக்க விளக்க, நானும் சேர்ந்து மறைக்கிறேன் என்று அந்த அம்மாளுக்கு உறுதியாகிவிட்டது. ஐயாதுரைதான் நடுவில் புகுந்து, ஆறு மாதம்தானே, காத்திருக்கிறேன் என்று தாயைச் சமாளித்துக் கூட்டிப் போனான்.

ரிஜிஸ்டர் ஆபீசில் போய் முடித்துவிட்டால் என்ன என்று பரிபூரணத்திடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஓலை நின்ன பொறவு ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணுனா, தடை இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் மாமா" என்றாள். "நான் ஒண்ணும் செய்யலயே. எனக்கு எதுக்கு அந்தப் பேரு?"

கோயில் பயன்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள கமிட்டி ஓர் ஆளைப் போட்டது. பெயர் தனுஷ்கோடி, பதவி 'பயன்பாடின்மை ஆய்வாளர்'. வாசலில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். யாராவது கட்டடத்தைப் பயன்படுத்தினால் எழுதிக்கொள்வார். மனிதர் கண்ணியமானவர், வேலையில் சுத்தம். படியில் ஆடு படுத்தால் 'கால்நடை, தற்செயல்' என்று எழுதுவார். புரட்டாசிச் சனிக்கிழமை, எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட நடந்து போன கூட்டம் கொஞ்ச நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்தது. அவர் பதறிப்போய் டாக்டருக்கு ஆள் அனுப்பினார். வேறு சாமியைக் கும்பிடப் போகிறவர்கள் இளைப்பாறினால் அது பயன்பாடு ஆகாது என்று பதில் வந்தது. சபையார் வழிபட்டால்தான் குற்றம். அப்படி நடந்தால் ஆறு மாதத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

முப்பது குடும்பமும் இதைக் கேட்டுப் பயந்துபோயின. பொன்னுராஜ் மகளுக்காக அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு, கோயிலைப் பார்த்து ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் தலையைக் குனிந்து நடந்தார்கள். ஒரு சபை இவ்வளவு ஒற்றுமையாகச் சாமி கும்பிடாமல் இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் காலை, பொன்னுராஜ் இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தலையெல்லாம் பஞ்சோடு வந்தார். தளவாய்புரத்தில் கிருபாபாய் வேறு பெண் பார்க்கிறாள் என்று மில்லில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிதர் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் படியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். உட்காருவது தற்செயல்; தனுஷ்கோடி கண்டுகொள்ளவில்லை. பொன்னுராஜ் கண்ணை மூடி மனதுக்குள் ஜெபம் பண்ண ஆரம்பித்தார். மனதுக்குள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்து மில் காது அல்லவா. என் கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோதே எனக்குக் கேட்டது.

"ஆண்டவரே, எம் பிள்ளைக்கு அந்த மூணாவது ஓலையை வாசிக்க வச்சிரும். தாயில்லாப் பிள்ளை. ஊரு வாயில அவளைப் போடாதேயும். ஆமென்."

கண்ணைத் திறந்தால் எதிரே தனுஷ்கோடி. பாவம், அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"ஆமென் சொல்லிட்டீரே அண்ணாச்சி. சொல்லாம இருந்திருந்தாக்கூட பொலம்பல்னு எழுதியிருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

ஆறு மாதம் முதலிலிருந்து ஆரம்பமானது. மகளுக்காக அப்பன் பண்ணிய ஜெபமே மகளின் ஓலையைத் தள்ளிப்போட்டது. நான் கடையைச் சாத்திவிட்டு நேராக டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. குளிர்ந்த மோர் கொடுத்தார்.

"மிஸ்டர் அசன், அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் ஜெபம் செய்ய உலகத்தில் எவ்வளவோ இடம் இருக்கிறது. கோயிலில் வந்து செய்யலாமா?"

நான் மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

செய்தி தளவாய்புரம் போய்ச் சேரும்போது வேறு உருவம் எடுத்திருந்தது. பெண்ணைப் பெற்றவனே கோயில் வாசலில் விழுந்து, பிள்ளையை ஊர் வாயில் போடாதே என்று கதறினானாம். ஒன்றும் இல்லாமலா கதறுவான்? கிருபாபாய் இந்த முறை பஸ் ஏறி வரவில்லை. சாப்பிடாமல் கிடந்து மகனைச் சம்மதிக்க வைத்தாள். தை மாதம் சேத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு ஐயாதுரைக்குக் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவன் என் கடைக்கு வந்தான். ரொம்ப நேரம் அளவு நாடாவைச் சுருட்டிச் சுருட்டி விரித்தான்.

"நான் காத்திருக்கத்தான் பாத்தேன் பாய். அம்மா பட்டினி கெடந்து சாவேன்னு சொன்னாவ. நான் என்ன செய்ய?"

"அந்தப் பிள்ளைகிட்ட நீயே சொல்லு."

"ஏலாது பாய். நீங்க சொல்லிருங்க."

கோழைப் பயல் என்று திட்டத்தான் வாய் வந்தது. நாற்பது வயசுக்காரன் என் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். திட்டவில்லை. பரிபூரணத்திடம் நான்தான் போய்ச் சொன்னேன். சம்பந்தம் பேசிய வாயாலேயே சொன்னேன். பால்வாடியில் பிள்ளைகளைத் தூங்கப் போட்டிருந்தாள். கேட்டுவிட்டு, விழித்துக்கொண்ட ஒரு பிள்ளையைத் தட்டிக் கொடுத்தாள்.

"சரி மாமா" என்றாள். பிறகு, "யாரும் தடை சொல்லலைன்னு அவியளுக்கு ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

பங்குனியில் கோயில் வெற்றிகரமாக ஆறு மாதம் பயன்படாமல் இருந்து முடித்தது. விடைபெறு ஆராதனை என்று கட்டடத்துக்கே மலர் வளையம் வைத்தார்கள். அந்தக் கோயிலில் யாராவது இறந்தால் வயசுக்கு ஒரு அடி வீதம் மணி அடிப்பது வழக்கம். அன்று நூற்றுமுப்பது அடி அடித்தார்கள். இவ்வளவு வயசுவரை இருந்த கிழவர் யார் என்று தெருவெல்லாம் விசாரித்தது.

கட்டடம் இப்போது தயார். என்ன வேலைக்குத் தயார் என்று மட்டும் கமிட்டிக்குத் தெரியவில்லை. முதலில் நூலகம் என்றார்கள். மேலிடத்தின் பழைய ஆண்டறிக்கைகளைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். கரையான் மட்டும் ஆர்வமாக வந்தது. பிறகு பால்கோவா தயாரிப்புக் கூடம். விறகடுப்புப் புகையில் உள்கூரை கறுத்ததும் அறக்கட்டளைக்காரர்கள் பயந்து நிறுத்தினார்கள். பிறகு ராஜபாளையம் நாய்க் கண்காட்சி. வெள்ளை நாய்களைப் பெஞ்சுக்கு ஒன்றாகக் கட்டி உட்கார வைத்தார்கள். எல்லாம் வாயைத் திறக்காமல் பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஒழுங்கில் முன்பிருந்த சபையை விட மேல் என்று டாக்டர் பாராட்டினார்.

கடைசியில் அறக்கட்டளையே வழி சொன்னது. மக்கள் இந்தக் கோயிலை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று காட்டும் அருங்காட்சியகம். டாக்டர் துள்ளிக் குதித்தார். பொம்மை வைப்பதை விட உயிருள்ள மனிதர்களையே உட்கார வைத்தால் என்ன? வெளியேற்றிய முப்பது குடும்பத்தையும் கூப்பிட்டு, திறப்பு விழாவன்று சபையாராக நடிக்கச் சொன்னார்.

அவர்கள் மறுப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஒருத்தர் மறுக்கவில்லை. பேச்சிமுத்து என்ற கிழவர் என் கடையில் வந்து சொன்னார்: "நடிக்கிறதுன்னாலும் எங்க பெஞ்சுல செத்த நேரம் உக்காரலாம்லா பாய்." மான ரோஷம் பேச வாயெடுத்த நான், அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டேன்.

அவர்களுடைய சொந்த உடுப்பு போதுமான அளவு புராதனமாக இல்லை என்று டாக்டர் முடிவு செய்தார். அந்தக் காலத்துக் கழுத்து உயர்ந்த ஜாக்கெட்டும் முழுக்கைச் சட்டையும் தைக்கும் வேலை என்னிடம் வந்தது. வாராவாரம் என் கடை வாசல் வழியாகக் கோயிலுக்குப் போனவர்களுக்கு, கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி தெரிவதற்காக அளவெடுத்தேன். ஐயருக்கும் ஒரு புது அங்கி. "நான் நெசமாவே ஐயர்தான பாய், எனக்கு எதுக்கு?" என்றார். உத்தரவு என்றேன். போட்டுக்கொண்டார்.

விழா நடந்தது. வெளிநாட்டு விருந்தாளிகளைக் காலையில் செண்பகத்தோப்புச் சரணாலயத்துக்குக் கூட்டிப்போய்ச் சாம்பல் நிற அணில் காட்டினார்கள். மாலையில் எங்கள் தெருவுக்குக் கூட்டிவந்து சபையாரைக் காட்டினார்கள். சபைக்கும் விருந்தாளிகளுக்கும் நடுவில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. நான் தைத்த உடுப்பு கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஊசி நூலோடு பக்கத்துக் கதவில் நின்றேன்.

முன் பெஞ்சில் பொன்னுராஜ், பக்கத்தில் பரிபூரணம். பாட்டுப் பாடச் சொன்னார்கள். ஒரு சரணம் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் நிறுத்தவில்லை. எல்லாச் சரணமும் பாடினார்கள். ஒன்றரை வருஷத்துப் பாட்டு அது. எனக்கு அந்தச் சாமி இல்லை. ஆனாலும் மிஷின் மிதிக்கிற கால் தானாகத் தாளம் போட்டது.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். "அடுத்து, அழிந்துபோன ஓர் அழகிய வழக்கத்தைக் காணப் போகிறோம். திருமண ஓலை! கற்பனைப் பெயர்களை வாசிப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆகவே இந்த ஆலயத்தில் உண்மையாகவே இரண்டு முறை வாசிக்கப்பட்டு, கமிட்டியால் இதுநாள்வரை பாதுகாக்கப்பட்ட ஓலையின் மூன்றாம் வாசிப்பை இப்போது கேட்கலாம்."

ஐயர் அவரிடம் போய்க் காதில் ஏதோ கெஞ்சினார். டாக்டர் சிரித்துக்கொண்டே அவரைப் பீடத்துக்குத் தள்ளினார். ஐயர் எழுதியதைப் பார்க்காமலே, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"தளவாய்புரம் சபையைச் சேர்ந்த ஐயாதுரைக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த பொன்னுராஜ் மகள் பரிபூரணத்துக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் இணைவதற்குத் தடையான நியாயம் யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே அறிவிக்க வேண்டும். இது மூன்றாம் ஓலை."

பேச்சிமுத்துக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஊசியை எங்கேயோ தவறவிட்டேன்.

பரிபூரணம் எழுந்து நின்றாள்.

"எனக்குத் தடை இருக்கு ஐயா" என்றாள். பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற குரல்தான், தெளிவாக இருந்தது. "மாப்பிள்ளைக்குப் போன தை மாசமே கல்யாணம் முடிஞ்சிருச்சு. அதான் தடை. பொண்ணு மேல ஒரு கொறையும் கெடையாது. முதல் ஓலைலயும் ரெண்டாவது ஓலைலயும் யாரும் எந்திரிக்கல. அதையும் எழுதிக்கிடுங்க."

அப்புறம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து கைதட்டல் வெடித்தது. விருந்தாளிகள் எழுந்து நின்று தட்டினார்கள். காமிராக்கள் மின்னின. டாக்டருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"அற்புதம்! என்ன இயல்பு! தடை சொல்லும் பகுதியை நான் எழுதித் தரவே இல்லை. தானாகவே செய்திருக்கிறார்! இதைத் தினமும் காலை ஒரு காட்சி, மாலை ஒரு காட்சி என்று நிரந்தரமாக வைக்கக் கமிட்டி ஆவன செய்யும்."

பரிபூரணம் உட்காரவில்லை. தடை சொன்னால் ஐயர் அதை விசாரிக்க வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. அவள் அதற்காக நின்றாள். ஐயர் உதட்டைக் கடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்து, ஞானஸ்நானம்" என்றார். ஒரு பிளாஸ்டிக் குழந்தையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

அவள் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் ஓய்ந்தபின் பொன்னுராஜ் மகள் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார். கோயில் முழுக்கக் கேட்டது.

"என்னட்டி, நீ சொன்னதை எழுதிக்கிட்டாகளா?"

"இல்லப்பா" என்றாள். "கைதான் தட்டுனாக."